ரோம் துறைமுகத்தில் இறங்கி வழிகாட்டியுடன் ஒரு நாள்: எந்தச் சுற்றுலாவை எடுக்கலாம்?

கப்பல் பயணத் திட்டத்தில் ‘ரோம்’ என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். காலை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரமும் ஆகும். காலை 7 மணிக்குக் கரை சேர்ந்து மாலை 7 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால், ஊருக்குள் கிடைப்பது ஆறேழு மணி நேரம்தான். எந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதானாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகம், புனித பேதுரு பேராலயம், பழைய ரோமானிய அரங்கமான கொலோசியம் மூன்றுக்குள்ளும் ஒரே நாளில் அழைத்துப் போகிறோம் என்று விற்கும் தொகுப்பு வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு இரண்டரை மணி, பேராலயத்துக்கு ஒரு மணி, கொலோசியத்துக்கு ஒன்றரை மணி என்று வைத்தாலே ஐந்து மணி நேரம் போய்விடும். நடுவில் மதியச் சாப்பாடு இருக்கிறது. நாற்பது பேரை எண்ணிப் பேருந்தில் ஏற்றுவதற்கே ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் கரையும். கொலோசியத்தின் மேல்தளத்துக்குப் படியேறும்போது கீழே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகும் பெரிய இடம் ஒன்றே ஒன்று, மற்றவை நடந்து பார்ப்பவை என்று அமைந்த சுற்றுலாதான் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும்.

அந்த ஒன்று வத்திக்கானாக இருந்தால் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. அருங்காட்சியகச் சுற்றின் முடிவில் வரும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது, படம் எடுக்கவும் தடை. அதனால் நல்ல வழிகாட்டி அருங்காட்சியகத்தின் பைன்கூம்பு முற்றத்தில் வைத்திருக்கும் விளக்கப் பலகைகளின் முன் குழுவை நிறுத்தி, மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரை ஓவியங்களையும், 1536-இல் தொடங்கி 1541-இல் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியத்தையும் காட்சி காட்சியாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். இதைக் கேட்காமல் உள்ளே போனால் கழுத்து வலிதான் மிச்சம். இன்னொரு லாபம், சிற்றாலயத்தின் வலதுபக்கக் கதவு. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் வரும் குழுக்களை அந்த வழியாகப் பேராலயத்துக்கு விடுவார்கள்; சுற்றி நடப்பதும் பேராலயத்தின் முன் உள்ள சதுக்கத்துப் பாதுகாப்பு வரிசையும் மிச்சம். ஆனால் அந்தக் கதவு எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம், அதை நம்பி நேரம் குறிக்கும் நிறுவனத்தைத் தவிருங்கள்.

கிழமையையும் பாருங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் மூடல். அந்தக் கடைசி ஞாயிறு இலவசம், கூட்டம் சொல்லி மாளாது. புதன்கிழமை காலையில் சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால், அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

கொலோசியத்துக்கு 2023 அக்டோபர் முதல் பெயர் அச்சிட்ட சீட்டுதான். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: இனிஷியலோடு பதிவுசெய்த பெயரும் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயரும் ஒத்துப்போகாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முதல் நாளே கேட்டு வாங்குங்கள், அல்லது படம் உள்ள வேறு அடையாள அட்டை கொண்டு போங்கள். கண்ணாடிப் பாட்டிலையும் பெரிய முதுகுப்பையையும் உள்ளே விடமாட்டார்கள்.

பெரிய பேருந்து பழைய நகரத்தின் நடுவே போகாது. ட்ரெவி நீரூற்றும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனும் பட்டியலில் இருந்தால், இறக்கிவிடும் இடத்திலிருந்து கருங்கல் பாவிய தெருக்களில் நடைதான். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் மெல்லிய செருப்பில் உள்ளங்கால் எரியும், சக்கர நாற்காலி தடுமாறும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் எட்டுப் பேர் போகும் வேன் எடுப்பது நல்லது. உரிமம் உள்ள வேன், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பழைய நகரப் பகுதிக்குள் போகலாம். ஆனால் வேன் ஓட்டுநர் வழிகாட்டி அல்ல. வாசல்வரை கதை சொல்வார், உள்ளே வரமாட்டார். உரிமம் பெற்ற வழிகாட்டியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். விலை ஒப்பிடும்போது பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

குழுவில் எல்லோர் கழுத்திலும் ஒரு ஹெட்செட் மாட்டுவார்கள். காதில் வேறு மொழி கேட்டால் சேனல் எண் மாறியிருக்கிறது. வழிகாட்டியின் கருவியில் உள்ள எண்ணைப் பார்த்து மாற்றுங்கள். கரகரத்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொடுக்கும் இயர்போன் காதில் நிற்காது, சொந்த வயர் இயர்போன் எடுத்துப் போவது நல்லது.

தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவோர இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் நிற்காமல் கொட்டும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் எகிறும், குனியாமல் குடிக்கலாம். சைவச் சாப்பாட்டை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். பர்மேசான் சீஸில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்கிறது. அது ஆகாதவர்களுக்கு, தக்காளி, பூண்டு, ஒரேகானோ மட்டும் போட்ட மரினாரா பீட்சா கைகொடுக்கும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு உறுதி: பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியில் பிடித்த வேனுக்கோ ரயிலுக்கோ காத்திருக்காது. கப்பலில் ஏறவேண்டிய கடைசி நேரம், கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே முடிந்துவிடும். வெளி வேனை எடுத்தால், 7 மணிக் கப்பலுக்கு மாலை 4 மணிக்கு ரோமை விட்டுக் கிளம்புவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.