கல்யாணப் படத்தை எதில் வைப்பது: ஜேபெக்கா, பிஎன்ஜியா, ஹெச்இஐசியா?

அம்மாவின் கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். ஜேபெக், பிஎன்ஜி, ஹெச்இஐசி மூன்றும் படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகைகள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 86 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காமல் வைக்க சுமார் 26 எம்பி வேண்டும்.

ஜேபெக்கில் போட்டால் சில எம்பியில் அடங்கிவிடும். 1992இல் தரநிலையான இந்த முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கிற அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் பிடிப்பதில்லை. அதனால் நிறத்தில்தான் அதிகம் கை வைக்கும். உயர்ந்த தரத்தில் சேமித்தால் வித்தியாசம் தெரியாது. ரொம்பக் குறைத்தால் வானம் கட்டம் கட்டமாகத் தெரியும், பட்டுப்புடவையின் ஜரிகை குழைந்துவிடும்.

திறந்து பார்ப்பதால் ஒன்றும் கெடாது. திருத்தித் திரும்பச் சேமிக்கும்போதுதான் மறுபடி இழப்பு. போன் திரையில் இது தெரியாது, ஏனென்றால் படம் அங்கே சிறிதாகித்தான் வருகிறது. பெரிதாக பிரிண்ட் போடும்போதுதான் மனசு உடையும்.

பிஎன்ஜி ஒரு புள்ளியைக்கூட இழக்காது. ஆனால் போட்டோவுக்கு ஜேபெக்கைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஸ்கிரீன்ஷாட், பத்திரிகைத் துணுக்கு, எழுத்துள்ள எதற்கும் இதுதான் சரி. மெய்யெழுத்தின் புள்ளி மங்காமல் நிற்கும். ஒன்று கவனம்: கெட்டுப்போன ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினால் இழந்தது திரும்பாது, ஃபைல்தான் பெருக்கும்.

ஹெச்இஐசி, 2017 முதல் ஐபோன்களில் வருவது. வீடியோவைச் சுருக்கும் ஹெச்இவிசி நுட்பத்தைப் பயன்படுத்துவதால், ஏறத்தாழ ஜேபெக்கின் தரத்தை அதில் பாதி இடத்தில் தரும். நிறமும் நன்றாக நிற்கும். சிக்கல், பல பிரவுசர்களில் திறக்காது. ஐபோனில் எடுத்த படத்தை அப்படியே வைத்திருங்கள்; அடுத்தவருக்கு அனுப்ப மட்டும் ஜேபெக் நகல் எடுங்கள்.

ஆல்பத்துக்கு நான் பிஎன்ஜியைத்தான் எடுத்திருக்கிறேன். 200 படம் என்றாலும் மொத்தம் 5 ஜிபியைத் தாண்டாது, ஒரு சின்ன பென்டிரைவே போதும். சொந்தக்காரர்களுக்கு ஜேபெக் நகல். வாட்ஸ்அப்பில் அதையும் டாக்குமென்டாகவே அனுப்புகிறேன், போட்டோவாக அனுப்பினால் இன்னொரு முறை சுருங்கிவிடும்.