வாசலோடு நின்ற செருப்பு: ஒன்பது மாத அனுபவம்

இது அழகான செருப்பு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இட்லி கனத்துக்கு அடிப்பாகம், மேலே இரண்டு அகலப் பட்டைகள், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். விலை 1,100 ரூபாய். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோன சர்க்கரை நோயாளிகளுக்காக வேலூரில் ஒரு சிறிய பட்டறையில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் செருப்பு என்பார்கள். ஒன்பது மாதம் போட்டு நடந்த பிறகு எழுதுகிறேன்.

எனக்கு வயது 61. இருபத்தொன்பது வருடம் பஸ்ஸில் நடத்துநராக நின்றுகொண்டே சம்பாதித்தவன். சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. போன சித்திரையில் ஒரு கோயிலுக்குப் போனோம். உச்சிவெயில், கல் பாவிய வெளிப்பிராகாரம். எல்லோரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாகச் சுற்றி வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அன்று இரவு என் மனைவிதான் தரையைக் காட்டிக் கேட்டாள், "கால் கழுவிவிட்டுத் துடைக்கவில்லையா?" என்று. நான் கழுவவே இல்லை. வலது பாதத்தில் கொப்புளம் எழும்பி உடைந்து, நடந்த இடமெல்லாம் ஈரத் தடம். ஆற ஏழு வாரம் ஆனது.

அப்போதுதான் பாதப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தினார்கள். 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் இழை வளைந்துவிடும். பட்டதும் சொல்ல வேண்டும். நான் நான்கு முறை சொன்னேன். அதிர்வைப் பார்க்கும் இயந்திரத்தில் எனக்கு 34 வோல்ட் வந்தது. 25ஐத் தாண்டினாலே புண் வரும் அபாயம் அதிகம் என்று விளக்கிவிட்டு, மருத்துவர் சீட்டில் எம்.சி.ஆர். என்று எழுதினார்.

நானோ சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைத்தெருவில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு' என்று அட்டை தொங்கிய ஒரு செருப்பை 350 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே முழுக்க ரப்பர் முட்கள். ரத்த ஓட்டத்தைத் தூண்டுமாம். மூன்றாம் நாள் பாதத்தில் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. வலி தெரியாத காலை முள்ளில் நிறுத்துவதைப் போன்ற மடமை வேறில்லை. உங்கள் வீட்டில் யாராவது இதை வாங்கிப் பரிசளித்திருந்தால், நன்றி சொல்லிவிட்டு மூலையில் வைத்துவிடுங்கள்.

பட்டறைக்காரர் முதல் கேள்வியிலேயே என்னைக் கவர்ந்துவிட்டார். "காலையிலேயே வந்துவிட்டீர்களே ஐயா, மாலையில் வர முடியுமா?" பொழுது சாயச் சாயக் கால் வீங்கும், அந்த அளவில்தான் செருப்பு வேண்டும் என்றார். மாலையில் போனேன். காகிதத்தின் மேல் நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் தனித்தனியாக வரைந்தார். என் இடது பாதம் வலதைவிடப் பெரியதாம், 61 வருடம் கழித்துத் தெரிகிறது. உட்புறம் மிருதுவான நுண்துளை ரப்பர். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிறது. அடிப்புறம் முள் ஏறாத கெட்டி ரப்பர். எங்கும் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் பசையும் தையலும்தான். பின் வார் எதற்கு என்று கேட்டேன். "செருப்பு கழன்று விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாதே" என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒற்றைச் செருப்போடு வீடு வந்த ஒரு மாலை எனக்கு ஞாபகம் வந்தது.

முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. கழற்றிப் பாதத்தைப் பார்த்து, சிவப்பு இல்லை என்றால் மறுநாள் ஒரு மணி நேரம். இதைக் காகிதத்தில் எழுதியே கொடுத்தார்.

குறைகளும் உண்டு. ஒட்டும் பட்டைகள் ஐந்தாம் மாதமே பிடிப்பு விட்டுவிட்டன. மாற்ற 80 ரூபாய். மழையில் வழுக்குகிறது. வேலூர் வெயிலில் பாதம் வியர்த்து ரப்பர் நாறுகிறது. பெருவிரலுக்குக் கீழே உள்ள இடம் இப்போது அமுங்கி எழ மறுக்கிறது, ஆக அடுத்தது வாங்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் எங்கள் ஊருக்கே உரியது. இந்த ரப்பர் இங்கே முதலில் தொழுநோயாளிகளுக்காக வந்தது. கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், அவர்கள் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு உணர்ச்சி போனதால் ஏற்படும் காயங்களே பெரிய காரணம் என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் அதே அறிவைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வழியாகப் போகும் பஸ்ஸில் வேலை பார்த்த காலத்தில் இந்தச் செருப்பை நூற்றுக்கணக்கான கால்களில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் உட்கார மறுத்த பயணிகளையும் பார்த்திருக்கிறேன். இப்போது அது என் காலில். எதிர்வீட்டுப் பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார். கேட்டிருக்கலாம்.

ஆனால் உண்மையான சிக்கல் தெருவில் இல்லை, வீட்டுக்குள். வீட்டிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. என் மனைவி இதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டாள். விளக்கேற்றும் வீட்டில் செருப்பா? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆக 1,100 ரூபாய்ச் செருப்பு நான்கு மாதம் வாசலோடு நின்றது.

இந்த முடிச்சை அவிழ்த்தது பட்டறை இல்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பூங்கா மண்டபத்தில் கூடும் பதினைந்து பேர். எல்லோரும் சர்க்கரைக்காரர்கள். பட்டறைக்காரர்தான் அங்கே அனுப்பினார். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் நடத்துகிறார். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் பாதத்தை ஒருவர் பார்க்க வேண்டும்: விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, ஆணிக்கால். முதல் நாள் எனக்குக் கூசியது. நம் ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் தொட்டால் ஆசீர்வாதம் அல்லவா செய்ய வேண்டும்! "தொப்பை குறுக்கே நிற்கிறது, உங்கள் உள்ளங்காலை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள் கண்டக்டர் சார்?" என்றார் டீச்சரம்மா. தினமும் பார்ப்பதற்குத் தரையில் வைக்கும் கண்ணாடி ஒன்றும் வாங்கச் சொன்னார்.

கூட்டத்தையும் விமர்சித்துவிடுகிறேன். பத்து மணி என்றால் பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கும். கஷாயம் விற்க வருபவர் ஒருவர் உண்டு, டீச்சரம்மா விரட்டியும் மறுமாதம் வந்துவிடுவார். ஆணிக்காலை பிளேடால் சீவிக்கொள்வதாக ஒருவர் பெருமையாகச் சொன்னபோது பாதிப் பேர் தலையாட்டினார்கள், எனக்குக் குலை நடுங்கியது. நல்லவேளை, டீச்சரம்மா அதை அங்கேயே நிறுத்தினார்.

என் ஜோடி ஒரு தையல்காரர். உடைந்த ஊசி பாதத்தில் ஏறியது தெரியாமல் நான்கு நாள் நடந்து, இரண்டு விரல்களை இழந்தவர். வீட்டுப் பிரச்சினையைச் சொன்னேன். அவர் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். படியில் உட்கார்ந்து வெளிச்செருப்பைக் கழற்றினார், துணிப்பையிலிருந்து கழுவித் துடைத்த இன்னொரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டார், "உள்ளே வரலாமா அம்மா?" என்று கேட்டார். மாற்றும்போது அவர் பாதத்தை என் மனைவி பார்த்துவிட்டாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பேசியதெல்லாம் தீபாவளி ஜாக்கெட் கூலியைப் பற்றித்தான்.

மறுநாள் காலை அவளே ஆரம்பித்தாள். "வீட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் தாண்டக் கூடாது. சாமி அறைக்கு மட்டும் வேண்டாம், அங்கே நான் பாய் விரித்து வைக்கிறேன்."

வீட்டு ஜோடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்தார்கள். வெளிச்செருப்போடு கலந்துவிடக் கூடாது என்று மெரூன் நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். போட்டு ஐந்து மாதம் ஆகிறது. புதுப் புண் இல்லை. பட்டறைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மாலை ஐந்துக்கு மேல் போங்கள், மருத்துவர் சீட்டையும் எடுத்துக்கொண்டு.