வீட்டு ரவுட்டருக்கு நாலு போர்ட் நெட்வொர்க் கார்டு: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

பழைய மேசைக் கணினியில் ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் (இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி சார்ந்தவை) அல்லது ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ்) என்ற ரவுட்டர் மென்பொருளைப் போட்டு ரவுட்டராக்கினால், ப்ராசசர் கொஞ்சம் பழசாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். நெட்வொர்க் கார்டு தகராறு செய்தால் வீட்டில் யாருக்கும் நெட் இருக்காது. அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உங்கள் இணைய இணைப்பு 1 ஜிபிபிஎஸ் வரைதான் என்றால், சர்வரிலிருந்து கழற்றி விற்கப்படும் இன்டெல் ஐ350-டி4 கார்டைத் தேடிப் பிடியுங்கள். எச்பி, டெல் பெயரில் வரும் அதே சிப் கார்டுகளும் (எச்பியில் இதன் பெயர் 366டி) அப்படியே பொருந்தும்.

2011 வாக்கில் வந்த சிப் இது. ஒரே சிப்பில் நாலு போர்ட். ஒவ்வொன்றும் கணினிக்குத் தனித்தனிச் சாதனமாகத் தெரியும், வரும் பாக்கெட்டுகளை ப்ராசசர் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் 8 வரிசைகள் வரை உண்டு. ஐஜிபி டிரைவர் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் முன்பே இருக்கிறது, எதையும் தேடி ஏற்ற வேண்டாம். மின்செலவு சுமார் 5 வாட். எந்நேரமும் ஓடும் பெட்டியில் இது முக்கியம்.

இன்னும் மலிவாகக் கிடைப்பவற்றில் எச்பி என்சி365டி தேறும். அதில் இருப்பது இன்டெல் 82580, இதற்கும் ஐஜிபி டிரைவர்தான். எஸ்ஆர்-ஐஓவி மட்டும் இல்லை. மெய்நிகர் கணினிகளுக்குப் போர்ட்டைப் பங்கு போடும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது ஒரு குறையே அல்ல. ஆனால் பெயரில் ஒரே ஒரு எண் மாறும் என்சி364டி வேறு ரகம். அது 82571 தலைமுறை: இரண்டு சிப், நடுவே ஒரு பிரிட்ஜ் சிப், கை வைக்க முடியாத சூடு. வாங்கும்போது மிச்சம் பிடிப்பதை மின்கட்டணத்தில் திருப்பிக் கொடுப்பீர்கள். பிராட்காம் 5719 உள்ள எச்பி 331டி லினக்ஸில் நன்றாகவே ஓடும். ரியல்டெக் சிப்புகளை வரிசையாக ஒட்டிய கார்டுகளும் லினக்ஸில் பரவாயில்லை. ஃப்ரீபிஎஸ்டி சார்ந்த ரவுட்டர்களில் தயாரிப்பாளரின் டிரைவரைத் தனியாக நிறுவாமல் அவற்றை நம்ப வேண்டாம்.

அடுத்து, மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட். கார்டு பிசிஐஇ 2 தலைமுறை, எக்ஸ்4 அளவு, அதாவது தரவு போக நாலு பாதை. ரவுட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை என்பதால், ப்ராசசரை ஒட்டிய எக்ஸ்16 ஸ்லாட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், அதில் போடுங்கள். இரண்டாவது நீள ஸ்லாட் பார்க்க எக்ஸ்16 போல இருந்தாலும் உள்ளே ஒரு பாதை மட்டும் இணைத்திருக்கலாம். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் அது செத்துவிடும். ஒரே பாதை என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். இரண்டாம் தலைமுறையில் ஒரு பாதை ஒரு திசைக்கு நொடிக்கு 500 மெகாபைட், அதாவது 4 ஜிபிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் டவுன்லோடு ஒன்று இணையம் வரும் வேன் போர்ட் வழியாக நினைவகத்துக்குள் வந்து, வீட்டு வலைக்கான லேன் போர்ட் வழியாக வெளியே போகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் வெவ்வேறு திசைகள். மேலும் கீழும் முழு வேகத்தில் ஓடினாலும் திசைக்கு 2 ஜிபிபிஎஸ்தான் வேண்டும். நாலு போர்ட்டும் ஒரே சமயத்தில் நிரம்பினால்தான் ஒற்றைப் பாதை திணறும், வீட்டில் அது அபூர்வம். உண்மையில் என்ன கிடைத்திருக்கிறது என்பதை எல்எஸ்பிசிஐ கட்டளையை இரட்டை வி விருப்பத்தோடு ஓட்டி, லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் பாருங்கள். 5ஜிடி/எஸ், எக்ஸ்4 என்று இருக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் கார்டைக் கழற்றி, முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி செருகினாலே பலமுறை சரியாகிவிடும்.

சர்வர் கார்டைப் போட்டதும் கணினி திரையே காட்டவில்லையா? கார்டு கெட்டுவிட்டது என்று உடனே திருப்பி அனுப்பாதீர்கள். எஸ்எம்பஸ் என்ற நிர்வாகத் தடம் ஒன்று பிசிஐஇ ஸ்லாட்டுக்கும் வருகிறது. சில சாதாரண மதர்போர்டுகளில் ராம் தன் விவரங்களைச் சொல்வதும் இதே தடத்தில்தான். கார்டு அதில் குறுக்கே பேசினால் பயாஸ் ராமைப் படிக்க முடியாமல் நின்றுவிடும். பாகங்கள் இருக்கும் பக்கம் பி பக்கம். உலோகப் பிராக்கெட் பக்கத்திலிருந்து எண்ணி ஐந்தாவது, ஆறாவது பின்களை மட்டும் மின்சாரம் கடத்தாத மெல்லிய காப்டான் டேப்பால் மூடுங்கள். பக்கத்துப் பின் மேல் டேப் ஏறக் கூடாது. செருகும்போது டேப் சுருண்டு மேலேறுவதுதான் வழக்கமான தவறு, எனவே டேப்பைப் பின்னின் கீழ் விளிம்பைத் தாண்டி மடித்து ஒட்டுங்கள். நெட்வொர்க் வேலைக்கு இந்த இரண்டு பின்களும் தேவையே இல்லை.

ஐ350 பெயரில் போலிகள் ஏராளம். புத்தம் புதியது, நம்பவே முடியாத மலிவு என்றால் ஒதுங்குங்கள். எச்பி, டெல் பாக எண் ஒட்டிய, உபயோகித்த தடம் தெரியும் கார்டு இதைவிடப் பாதுகாப்பு. பிராக்கெட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், சர்வர் கார்டுகள் பலவும் குட்டைப் பிராக்கெட்டோடுதான் வரும், முழு உயரப் பெட்டியில் அதைத் திருகிப் பூட்ட முடியாது.

சூடு விஷயத்தில் கவனம் வேண்டும். சர்வரில் ஓயாமல் காற்று அடிக்கும் என்ற நம்பிக்கையில் வைத்த சின்ன ஹீட்சிங்க் அது. மூடிய குட்டிப் பெட்டியில் 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மெதுவாகச் சுழல விட்டாலே போதும். பயாஸில் கார்டின் ஆப்ஷன் ரோமை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் நெட்வொர்க் வழியாகத் தொடங்க முயன்று கணினி வீணாகக் காத்திருக்கும்.

கார்டு சேர்த்ததும் போர்ட் பெயர்கள் இடம் மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். போர்டில் இருந்த ஐஜிபி0 திடீரென ஐஜிபி4 ஆகும், வேனும் லேனும் தடுமாறும். மானிட்டரும் கீபோர்டும் கையில் இருக்கும்போதே கார்டைப் போட்டு, இன்டர்ஃபேஸ்களை மறுபடி ஒதுக்குங்கள். லினக்ஸில் மேக் முகவரியைக் கொண்டு பெயரை நிலைப்படுத்திவிடலாம்.

பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) இணைப்பு உள்ளவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 8 வரிசை இருந்தும் வேகம் பாதியில் நிற்கும், ஒரே ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் கொதிக்கும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரியை இந்தச் சிப் பிரித்துப் பார்ப்பதில்லை, அதனால் வருவதெல்லாம் ஒரே வரிசையில் விழுகிறது. ஃப்ரீபிஎஸ்டி ரவுட்டர்களில் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் மதிப்பை டிஃபர்டு என மாற்றுங்கள். லினக்ஸில், வேலையை மென்பொருளே கோர்களுக்குப் பிரிக்கும் ஆர்பிஎஸ் வசதியை இயக்குங்கள். இந்தச் சிக்கலுக்குக் கார்டை மாற்றுவது வீண் செலவு.

மூன்று லேன் போர்ட்டையும் பிரிட்ஜ் செய்து ஸ்விட்ச் போல ஓட்டலாமா என்றால், ஓட்டலாம்; நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்விட்ச் சிப் இலகுவாகச் செய்யும் வேலையை ப்ராசசர் பாக்கெட் பாக்கெட்டாகச் சுமக்கும். கூடுதல் போர்ட்டுகளை இரண்டாவது இணைய இணைப்பு, கேமராக்கள், விருந்தினர் வைஃபை எனத் தனி வலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேபிளில் பல தனி வலைகளை ஓட்டும் வீலேன் தெரிந்த ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்தால் இரண்டு போர்ட் ஐ350-டி2 கூடப் போதும்.

1 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டிய இணைப்பு என்றால் இன்டெல் ஐ226 சிப் உள்ள 2.5 ஜி கார்டு. இதற்கு முந்தைய ஐ225 சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் சில ஸ்விட்சுகளோடு பாக்கெட் தொலையும் குறை இருந்தது. வாங்கத்தான் வேண்டும் என்றால் பி3 பதிப்பா என்று பாருங்கள். ஐ226இல் இணைப்பு அவ்வப்போது அறுந்தால் முதலில் ஈஈஈ மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். மலிவு 10 ஜி சர்வர் கார்டுகளில் மயங்க வேண்டாம்: எக்ஸ்540 போர்ட் 2.5 ஜி சாதனத்தோடு 1 ஜியில்தான் இணையும். 2.5, 5 ஜி வேகங்கள் எக்ஸ்550இல்தான் உண்டு.

கார்டு கைக்கு வந்ததும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ரவுட்டரிலேயே ஓட்டாமல், அதன் இருபுறமும் ஒவ்வொரு கணினியை வைத்து, போர்ட்டுகளை ஜோடி ஜோடியாக மாற்றி ஓட்டுங்கள். ஓர் இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஈத்டூல் கட்டளை காட்டும் பிழைக் கணக்குகளைப் பாருங்கள். சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) ஏறியிருந்தால் கேபிளும் போர்ட்டும் சந்தேகத்துக்குரியவை. கேபிளை மாற்றிய பிறகும் அதே போர்ட்டில் ஏறினால் கார்டைத் திருப்பிவிடலாம். மிஸ்டு பிழை ஏறினால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான ரிங்கின் அளவை 256இலிருந்து 1024 ஆக்கிப் பாருங்கள், 4096 வரை இடம் உண்டு. ஒரு போர்ட் மட்டும் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைகிறது என்றால் பெரும்பாலும் கேபிளின் நாலு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டிருக்கும். கார்டைக் கழற்றுவதற்கு முன் கிரிம்ப் செய்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.