கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, 20,900 ராண்ட்

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வயிறு சரியில்லை என்று 'குடல்நல நிலையம்' எதற்காவது கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் போனது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு கடைவளாகத்தின் மாடி. பெயரைப் போட மாட்டேன். வழக்குக்கு அலைய எனக்குத் தெம்பு கிடையாது.

கும்பகோணத்திலிருந்து வந்து டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. இது நடந்தபோது எனக்கு வயது 56. 2022 டிசம்பரில் சர்க்கரை ஏறிவிட்டது என்று என் டாக்டர் மெட்ஃபார்மினை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமிலிருந்து 2,000 ஆக்கினார். காலையில் கிளிக்லசைட் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை ஏற்கெனவே உண்டு. பொங்கல் முடிந்த கையோடு வயிறு இளக ஆரம்பித்தது. நாளைக்கு ஐந்து முறை, சில நாள் ஏழு. இப்படி அடுத்தடுத்து எழுதியிருப்பதால் உங்களுக்கு முடிச்சு உடனே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. மாத்திரை கூடியது ஒரு கதை, வயிறு கெட்டது இன்னொரு கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசக் காவடிக்குப் பந்தல் போடப் போன இடத்தில் நான் நாலு தடவை காணாமல் போனதைப் பார்த்து ஒரு நண்பர் அந்த நிலையத்தைச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. அவருடைய மைத்துனிக்கு அங்கே குணமானதாம்.

ஆலோசகர் அம்மாள் வெள்ளை அங்கி போட்டிருந்தார். நான் எந்த வருடம் பிறந்தேன், தாய்ப்பால் குடித்தேனா, சிறுவயதில் ஆன்டிபயாடிக் எத்தனை முறை, மன அழுத்தம் உண்டா என்று ஒரு மணி நேரம் கேட்டார். இவ்வளவு பொறுமையாக என்னை யாருமே கேட்டதில்லை என்று உருகிப்போனேன். அந்த ஒரு மணி நேரத்தில் "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எப்போது மாற்றினார்கள்" என்ற கேள்வி வரவே இல்லை. நீரிழிவு என்று நானே சொன்னேன். "அதுவும் குடலிலிருந்துதான் வருகிறது" என்றார். ஆலோசனைக்கு 1,500 ராண்ட்.

குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனைப் பெட்டிக்கு 6,800. அதற்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பா, மூடியோடு ஒட்டிய கரண்டி, ஒரு பனிக்கட்டிப் பை. மலத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், கூரியர்காரர் வந்து வாங்கிக்கொள்வார். வைத்தேன், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். என் மனைவி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. கூரியர் இரண்டு நாள் வரவில்லை. நடுவே மின்வெட்டு வேறு, பிப்ரவரி வெக்கை வேறு. பதப்படுத்தும் திரவம் எதுவும் இல்லாமல் வெதுவெதுப்பில் கிடக்கிற மலத்தில் சில பாக்டீரியாக்கள் பெருகும், சில செத்துப்போகும். ஆய்வுக்கூடத்தில் எண்ணுவது அந்த மிச்சத்தை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

அறிக்கை 34 பக்கம் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். எஷெரிக்கியா என்ற பாக்டீரியா சிவப்பில், அக்கெர்மான்சியா என்ற இன்னொன்று அளவுக்கு மேல், ஃபிர்மிகியூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்ற இரண்டு பெரிய பாக்டீரியாப் பிரிவுகளுக்கு இடையே உள்ள விகிதம் 'சீர்கெட்டது', கேண்டிடா பூஞ்சை 'உள்ளது'. அம்மாள் பேனாவால் சிவப்பைச் சுற்றி வட்டம் போட்டு, "டிஸ்பயோசிஸ், அதாவது குடல் நுண்ணுயிர்ச் சமநிலைக் குலைவு, மோசமான நிலை" என்றார். எனக்குக் கையெல்லாம் வியர்த்தது. வயிற்றுக்குள் ஒரு காடு முளைத்துவிட்டது போல.

சிகிச்சை மூன்று மாதம், மாதத்துக்கு 4,200. காட்டுத்துளசி வகை எண்ணெய்க் குளிகை, பெர்பெரின் குளிகை, ஒரு புரோபயாடிக் பொடி. பெர்பெரின் என்றால் பயந்துவிடாதீர்கள், நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளில் இருப்பதுதான். கூடவே சோறு, இட்லி, தயிர், பழம், பருப்பு எல்லாவற்றுக்கும் தடை, பூஞ்சை பட்டினி கிடக்க வேண்டுமாம். பூஞ்சை கிடந்ததோ இல்லையோ, நான் கிடந்தேன். இரண்டு மாதத்தில் எட்டு கிலோ இறங்கினேன். போக்கு நிற்கவில்லை. "கிருமிகள் சாகும்போது இப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மாள். கூடினாலும் குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்று பொருள் வரும் பதில் அது. அதில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஏப்ரலில் புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே ஈஸ்டர் நாட்களில்தான் திருவிழா, கூட்டம் நெரியும். வரிசையில் நிற்கும்போது கை நடுங்கியது, சட்டை நனைந்தது, முன்னால் நின்றவரின் தேங்காய்த் தட்டு இரண்டாகத் தெரிந்தது. முதலுதவிக் கூடாரத்தில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 3.1 மில்லிமோல், இந்தியக் கணக்கில் சுமார் 56. நான்குக்குக் கீழே போனாலே அபாயம். ஒரு பையன் குளிர்பானத்தைத் திறந்து வாயில் ஊற்றினான். கரும்பு போட்ட ஊரில் சர்க்கரை இல்லாமல் சாய்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுவாரம் மருந்துக் கடையில் எல்லாப் புட்டிகளையும் மேசையில் கொட்டினேன். அங்கே வேலை செய்கிற பெண்ணுக்குத் தமிழ் தேவாரத்தோடு சரி, ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "அங்கிள், மெட்ஃபார்மின் எப்போது கூடியது? போக்கு எப்போது தொடங்கியது?" சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பெர்பெரின் புட்டியைத் தனியாக நகர்த்தி வைத்தாள். கிளிக்லசைட் சர்க்கரையை இறக்கும், பெர்பெரினும் இறக்கும், தட்டில் சோறும் இல்லை என்று பிறகு விளக்கினாள். புட்டியின் பின்பக்கத்தையும் காட்டினாள். எறும்பு எழுத்தில், இது பதிவு செய்யப்படாத மருந்து, இதன் தரமும் பாதுகாப்பும் பயனும் மதிப்பிடப்படவில்லை என்று அச்சடித்திருந்தது. அத்தனை நாளும் கையில் எடுத்த புட்டி.

என் டாக்டர் முதலில் செய்ததும் மலப் பரிசோதனைதான், ஆனால் கேள்வி தெரிந்த பரிசோதனை. குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் கால்ப்ரொடெக்டின் 28 வந்தது, 50க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்ததில் ஒன்றுமில்லை. ஐம்பதைத் தாண்டியவனுக்குப் மலம் போகும் பழக்கம் மாறினால் புற்றுநோய் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த 34 பக்கத்தில் இந்த இரண்டு வரியும் இல்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு கலங்குகிறது. பிறகு, போக்கு மெட்ஃபார்மினால்தான் இருக்கும் என்று அதைக் குறைத்து, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு தடவை போனேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

வேடிக்கை இனிமேல்தான். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களின் குடலில் எஷெரிக்கியா கூடும் என்று 2015இலேயே 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்திருக்கிறது. அக்கெர்மான்சியா கூடுவதையும் மற்ற ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அறிக்கையின் சிவப்பில் பாதி, நான் விழுங்கிய மாத்திரையின் கைரேகையாக இருக்கலாம். அதை நோய் என்று படித்து, என் காசில் அதற்கு மருந்தும் கொடுத்தார்கள். கேண்டிடாவோ, நோயே இல்லாத பலரின் குடலிலும் குடியிருக்கிறது. 2024 டிசம்பரில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வெளியிட்ட அறிக்கையும் இப்படிப்பட்ட பரிசோதனையை வைத்து அன்றாடச் சிகிச்சையை முடிவு செய்ய இன்னும் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. நுண்ணுயிர் என்பதே புரட்டு என்று நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தையே குடலில் செலுத்திக் குணப்படுத்துகிறார்கள். அது மருத்துவம்.

அம்மாளின் பெயரைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் தேடினேன். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், இரண்டு நிமிட வேலை. இல்லை. மாற்று மருத்துவர்களுக்குத் தனி மன்றம் இருக்கிறது, அங்கும் இல்லை. போவதற்கு முன்னால் தேடியிருக்க வேண்டிய இரண்டு நிமிடம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். பிரிக்காத மூன்றாம் மாதப் பெட்டி ஒன்று அப்படியே இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எட்டு நாள் கழித்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. உணவுப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். மறுபரிசோதனைக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டாம்.