ஆதாம் தவறாமல் இருந்திருந்தால்? அக்குவினாவின் விடையும் ஸ்கோட்டஸின் விடையும்

ஆதாம் பாவம் செய்யாமல் இருந்திருந்தாலும் இறைமகன் கிறிஸ்து மனிதராகியிருப்பாரா? 12, 13ஆம் நூற்றாண்டுகளின் இறையியல் கூடங்களில் இது பெரிய விவாதம். இறையியலாளர் தோமா அக்குவினா (1225–1274) ‘வந்திருக்கமாட்டார்’ என்பதன் பக்கம் நின்றார். 1308இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்த இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் ‘வந்திருப்பார்’ என்றார். எந்த விடையையும் கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. எனவே இரண்டில் எதையும் ஏற்கலாம். நான் ஏற்பது ஸ்கோட்டஸை.

சொல்லைப் பற்றி ஒன்று. இறைமகன் மனிதரானதை இங்கே ‘அவதாரம்’ என்று எழுதாமல் ‘மனுவுருவாதல்’ என்றே எழுதுகிறேன். அதர்மம் தலைதூக்கும்போது கடவுள் இறங்கி வருவார் என்ற எண்ணம் ‘அவதாரம்’ என்ற சொல்லிலேயே நம் காதுக்கு ஒட்டியிருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், விவாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பு அக்குவினா பக்கம் போய்விடும்.

இறையியலாளர் அன்செல்ம் 1098இல் முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ நூலைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். பாவத்தால் வந்த கடனைச் செலுத்த வேண்டியவர் மனிதர், செலுத்த இயன்றவர் கடவுள் மட்டுமே, ஆகவே இரண்டுமான ஒருவர் தேவை என்பது அதன் சாரம். கடன் ஏற்பட்ட பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்குகிறது. கடனே இல்லையென்றால் என்ன என்பது அங்கே பேசுபொருள் அல்ல. அதை வெளிப்படையாக எழுப்பியவர்களில் முந்தியவர், கொலோனுக்கு எதிர்க்கரையிலுள்ள டாய்ட்ஸ் மடத்தின் அதிபர் ரூப்பர்ட்.

அக்குவினாவின் விடை ‘சும்மா’ எனப்படும் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பகுதி, முதல் வினா, மூன்றாம் கூறில் இருக்கிறது. வாதம் எளிது, உறுதியானது. கடவுளின் விருப்பத்தை மட்டுமே சார்ந்த ஒன்றை அவரே வெளிப்படுத்தினால்தான் நாம் அறிய முடியும். மறைநூல் மனுவுருவாதலுக்குக் காட்டும் காரணம் எங்கும் பாவமே. நோயையும் காயத்தையும் எடுத்துவிட்டால் மருந்துக்கு வேலையில்லை என்ற பழைய உரைவரியையும் எடுத்து வைக்கிறார். ஆனாலும் கதவை அவர் முழுதாகச் சாத்தவில்லை. பாவம் இல்லாமலும் கடவுளால் வந்திருக்க முடியும் என்று அந்தக் கூறிலேயே சேர்க்கிறார். அதே நூற்றாண்டின் இறையியலாளர் பொனவெந்தூரும் கடைசியில் இதே பக்கம்தான் வருகிறார். ஆனால் எதிர்த்தரப்பு அறிவின் தீர்ப்புக்கு அதிகம் ஒத்துப்போகிறது, இது விசுவாசத்தின் பக்திக்கு அதிகம் ஒத்துப்போகிறது என்று பிரித்துச் சொல்லிவிட்டே வருகிறார். மாற்றுத் தரப்புக்கு அவ்வளவு மரியாதை!

என்னைப் பொறுத்தவரை தராசைச் சாய்ப்பது ஒரே ஒரு விஷயம்: விரும்பும் வரிசை. ஒழுங்காக விரும்பும் எவரும் முதலில் இலக்கை விரும்புவார், பிறகு இலக்குக்கு நெருங்கியதை, அதன் பிறகே தொலைவில் இருப்பதை. ஸ்கோட்டஸின் பாரிஸ் விரிவுரைக் குறிப்புகளில் இது ஐந்து படிகளாக வருகிறது. கடவுள் தம்மை அன்பு செய்கிறார். பிறருக்காகவும் தம்மை அன்பு செய்கிறார். தமக்கு வெளியே, தம்மை உச்ச அளவில் அன்பு செய்யக்கூடிய ஒருவரால் அன்பு செய்யப்பட விரும்புகிறார். யாரும் விழாவிட்டாலும் அப்படி அன்பு செய்யவேண்டிய அந்த மனித இயல்பு இறைமகனோடு ஒன்றிப்பதை முன்காண்கிறார். பாடுபட்டு மக்களை மீட்க வரும் இடைநிலையாளர் ஐந்தாவது படியில்தான் வருகிறார்.

நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் முழு வாதமும் நிற்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மழையைப் பார்த்துக் குடையோடு வருகிறார். குடை மழைக்காக, வருகை கல்யாணத்துக்காக. குடையை மட்டும் பார்த்துவிட்டு ‘மழைக்காக வந்தவர்’ என்று சொன்னால் தப்புதானே?

இதைத் தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஸ்கோட்டஸ் காட்டுகிறார். கிறிஸ்துவின் ஆன்மா பெறும் மகிமை மற்ற எல்லா ஆன்மாக்களின் மகிமையையும்விடப் பெரிது. அவ்வளவு பெரிய நன்மை ஒரு சிறிய நன்மையின் பொருட்டு, அதுவும் ஒரு விபத்தை முன்னிட்டு, தற்செயலாக வந்து சேர்ந்ததாகிவிடும். ஒருவரின் வீழ்ச்சியால் இன்னொருவர் மகிழவேண்டிய நிலையும் வரும்.

ஸ்கோட்டஸை வாசிப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, படிகளைக் காலவரிசையாக எடுத்துக்கொள்வது. அவர் சொல்வது தர்க்க வரிசை. கடவுளிடம் நேற்று, இன்று கிடையாது. இரண்டாவது, அவர் சிலுவையைத் தேவையற்றதாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு. பாவம் இல்லையென்றால் துன்புறும் மீட்பராக வந்திருக்கமாட்டார் என்பதை அவர் மறுக்கவே இல்லை. வருகைக்கும் பாடுகளுக்கும் காரணங்களை வேறாக வைக்கிறார், அவ்வளவுதான்.

என் தரப்பு பலவீனப்படும் இடமும் உண்டு. அக்குவினாவின் அதே கூறில், நான்காம் தடைக்கு, அதாவது தன் விடைக்கு எதிராக அவரே எடுத்துவைக்கும் நான்காவது மறுப்புக்கு, அவர் தரும் பதிலைக் கவனியுங்கள். முன்குறித்தல், அதாவது நடக்கவேண்டியதைக் கடவுள் முன்பே தீர்மானிப்பது, எதிர்காலத்தை முன்னறிவதைச் சார்ந்தது. ஒருவரின் மீட்பு பிறர் மன்றாட்டால் நிறைவேற வேண்டும் எனக் கடவுள் முன்குறிப்பதுபோல, மனுவுருவாதலையும் பாவத்துக்கு மருந்தாக முன்குறித்தார் என்கிறார். ஸ்கோட்டஸின் வரிசையை இது உடைக்கிறதா? உடைக்கவில்லை, ஆனால் அது ஒன்றுதான் வரிசை என்ற உறுதியைக் குலைக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவில் பாடப்படும் பாஸ்கா புகழுரை ஆதாமின் குற்றத்தையே பேறுபெற்ற குற்றம் என்று பாடுவதையும் அக்குவினா மூன்றாம் தடைக்கான பதிலில் எடுத்துக்காட்டுகிறார். அந்த வரிக்கு முன் ஸ்கோட்டஸ் தரப்பு சற்றுத் திணறத்தான் வேண்டும்.

மறைநூல் வசனங்களை எண்ணினாலும் அக்குவினா பக்கமே கனம் அதிகம்: லூக்கா 19:10, 1 திமொத்தேயு 1:15. எதிர்த்தட்டில், படைப்பனைத்திலும் தலைப்பேறு என்று கிறிஸ்துவைச் சொல்லும் கொலோசையர் 1:15 இருக்கிறது. அடுத்த வசனம், அனைத்தும் அவருக்காகவே படைக்கப்பட்டன என்கிறது. திருப்பலியில் சொல்லப்படும் நிசேயா விசுவாச அறிக்கையின் இலத்தீன் வடிவில் ‘மனிதராகிய நமக்காக’ என்பதற்கு ஒரு ‘ப்ரொப்தெர்’ (‘பொருட்டு’), ‘நம் மீட்புக்காக’ என்பதற்கு இன்னொரு ‘ப்ரொப்தெர்’. இரண்டும் ஒரே காரணம் என்று வாசித்தால் அக்குவினா. முதலாவது தன் காலிலேயே நிற்கிறது என்று வாசித்தால் ஸ்கோட்டஸ்.