கண் உலர்வு: சொட்டு மருந்தா, ஒத்தடமா, மானிட்டரை இறக்குவதா?

ஐம்பது வயதைத் தாண்டிய பெண், கணினி முன் உட்கார்ந்து வேலை செய்கிறார். மதியத்துக்குள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சில நேரம் காரணமில்லாமல் நீர் வடிதல். உடனே வாங்குவது சொட்டு மருந்து. அது தவறில்லை, ஆனால் என் வரிசையில் அதற்கு மூன்றாவது இடம்தான்.

காரணம், பலருக்குக் குறைவது நீரைவிட எண்ணெய். கண்ணீரின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை ஓரத்திலுள்ள மைபோமியன் சுரப்பிகள் அதைத் தருகின்றன. வயது ஏறி ஹார்மோன்கள் மாறும்போது இந்த எண்ணெய் கெட்டியாகிச் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்ளும்; கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். போதாததற்குக் கணினி. நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை சிமிட்டும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. சிமிட்டினாலும் அரைகுறைதான், மேலிமை கீழிமையைத் தொடுவதற்குள் திரும்பிவிடும்.

சொட்டு மருந்து சில நிமிடத்தில் இதம் தரும், ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதிலுள்ள ஈரம் தரும் பொருள் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸா, ஹயலுரோனேட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது பிரிசர்வேட்டிவ், அதாவது மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்த சொட்டை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கலாம். அடிக்கடி விடுபவர்களுக்குப் பிரிசர்வேட்டிவ் இல்லாத வகைதான் சரி. கிளாகோமாவுக்கு (கண் அழுத்த நோய்) ஏற்கெனவே சொட்டு விடுபவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண் சிவப்பை நொடியில் போக்கும் சொட்டுகள் வேறு ரகம். அவை ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். தொடர்ந்து விட்டால் நிறுத்தியதும் சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பும்.

ஒத்தடம் நேர்மாறு: பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், ஆனால் அடைப்பையே இளக்குகிறது. சுமார் 40 டிகிரி சூடு, பத்து நிமிடம். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். பலருக்கு ஒத்தடம் பலிக்காததற்கு இதுவே காரணம். துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது சூட்டைப் பிடித்துவைக்கும் கண் மாஸ்க் வாங்கலாம். மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே கண்ணில் வைக்க வேண்டும். அப்புறம் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவிவிட வேண்டும். கண்விழியை அழுத்தக் கூடாது. இமையின் உள்விளிம்பில் மை தீட்டுபவர்கள் கவனிக்க: சுரப்பிகளின் வாய் இருப்பது அங்கேதான்.

நான் முதலிடம் தருவது மானிட்டருக்கு. இந்த வயதில் பலர் போடுவது புரோகிரசிவ் அல்லது பைஃபோகல் கண்ணாடி. கிட்டப் பார்க்கும் பகுதி அதில் கீழே இருக்கிறது, திரையோ முகத்துக்கு நேரே. எழுத்தைப் பிடிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. திரை உயரமாக இருந்தால் கண்ணும் அகலத் திறக்கிறது. கண் திறந்திருக்கும் பரப்பு கூடினால் ஆவியாவதும் கூடும், கழுத்துவலி இலவசம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரம் 50 முதல் 70 செ.மீ. என்று வைத்தால் இமை தானாகத் தாழும். இந்த ஒரு விஷயத்தில் மேசைக் கணினியைவிட லேப்டாப் மேல். கழுத்து அதை ஒப்புக்கொள்ளாது என்பது வேறு கதை. இன்னொரு வழி, கணினிக்கென்றே தனிக் கண்ணாடி. திரை வரைக்குமான தூரத்தை அளந்து பரிசோதிப்பவரிடம் சொன்னால் அதற்கேற்ற பவர் கிடைக்கும். மின்விசிறி, ஏசிக் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பிவிடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கை 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. கண் களைப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை. மீன் எண்ணெய் மாத்திரையும் அப்படியே. கண் உலர்வு பற்றி 2018-இல் வெளியான ட்ரீம் ஆய்வில் ஓராண்டு மீன் எண்ணெயின் ஒமேகா-3 சாப்பிட்டவர்களும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேறினார்கள். இரண்டுக்கும் நான் காசு செலவழிக்க மாட்டேன்.

இவையெல்லாம் செய்தும் சில வாரங்களில் குறையாவிட்டால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் இருந்தால் உடனே. வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அதையும் சொல்ல வேண்டும். அது, உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம்; ஆண்களைவிடப் பெண்களுக்கே அது மிக அதிகம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மருந்துகள் சிலவும் கண்ணை உலர்த்தும்.