வர்ஜீனியா ஒபோசமும் ஆஸ்திரேலியப் போசமும்

இரண்டும் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் இரவு விலங்குகள். ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஒபோசம் சுமார் 13 நாளில் குட்டி போட்டுவிடும். குட்டி தேனீ அளவுதான். பைக்குள் பெரும்பாலும் 13 காம்புகள். காம்பு கிடைக்காத குட்டி பிழைக்காது. நாய் மடக்கினால் வாய் பிளந்து, எச்சில் வழிய, நாற்றமடிக்கும் பச்சைத் திரவத்தோடு செத்ததுபோல் சாய்ந்துவிடும். நடிப்பு என்கிறோம், உண்மையில் அது அதன் வசத்தில் இல்லை. இத்தனை செய்தும் ஆயுள் 2 வருடம் தாண்டுவது அபூர்வம்.

ஆஸ்திரேலியாவின் புதர்வால் போசம் நிதானப் பேர்வழி. ஈற்றுக்கு ஒரே குட்டி, சாப்பாடு பெரும்பாலும் இலை, 10 வருடம்கூட வாழும். ரோமத்துக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்; அங்கே மரங்களை மொட்டையடிக்கிறது. தோட்டத்துக்கு எது என்றால் என் ஓட்டு ஒபோசத்துக்கே: நத்தை, பூச்சி, அழுகிய பழம், செத்த எலி, எதையும் விடாது.